இரு கரை, இரு மொழி: வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

சென்ற இதழில், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து எல்லை நகரமான எல் பாசோவிலுள்ள பல்கலைக்கழகம், ஆங்கிலத்தையும் ஸ்பானிய மொழியையும் ஒரே வகுப்பில் வைத்துப் படைப்பிலக்கியத்தில் முதுகலைப் பட்டம் அளிப்பதைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்றை வெளியிட்டிருந்தோம். கவிதையோ கதையோ, மாணவர் தமக்கு வசப்பட்ட மொழியில் எழுதுகிறார். வகுப்பிலுள்ளோர் இரண்டு மொழியிலும் அதை விவாதிக்கிறார்கள். குறிப்பு சிறிதாக இருந்தபோதிலும் அதையொட்டி வந்த கடிதங்கள் நிறைய. அவற்றுள் சிலவற்றைச் சுருக்கி, பதிலுடன் இங்கே தருகிறோம்.

இரு மொழியில் எழுதுவது அந்த எல்லைப் பகுதியில் ஓர் இலக்கிய மரபாகவே வளர்ந்தது எப்படி? சிங்கப்பூரிலும் எல்லாரும் இரு மொழி படித்தவர்கள்தாமே, நம்மிடம் அது ஏன் வளரவில்லை?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, உட்லண்ட்ஸ்

ரியோ கிராண்டே ஆற்றின் வடகரையில் எல் பாசோவும் தென்கரையில் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸும் இருக்கின்றன. முன்பு இந்த வட்டாரம் முழுவதும் மெக்சிகோவுக்குரியது. எல் பாசோ டெல் நோர்ட்டே என்ற பழைய ஊர் தென்கரையில்தான் இருந்தது, அதற்கு ஹுவாரெஸ் என்ற பெயர் 1888இல்தான் வைக்கப்பட்டது. அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே 1846இல் தொடங்கிய போர் முடிந்து, 1848இல் குவாடலூப்பே இடால்கோ உடன்படிக்கை கையெழுத்தானபோது ஆறு எல்லையாயிற்று. மாமனும் மருமகனும் இருந்த இடத்திலிருந்து நகராமலேயே இரண்டு நாட்டவர் ஆனார்கள். இன்று எல் பாசோவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் ஸ்பானிய மொழி வழிவந்தவர்கள். ஆட்சிக்கும் பள்ளிக்கும் ஆங்கிலம், அடுப்படிக்கும் வயலுக்கும் ஸ்பானியம் என்று ஆகிப்போன வாழ்க்கையில் இரண்டும் கலந்த ஒரு பேச்சு தானாக உருவாயிற்று. அந்தப் பேச்சை இரு தரப்பும் இழிவாகவே நினைத்தன; ஆங்கில ஆசிரியருக்கு அது பிழை, மெக்சிகோ உறவினருக்கு அது கொச்சை.

இந்த இரட்டை இழிவை எழுத்தாக்கியவர்களுள் முதலில் சொல்ல வேண்டியவர் குளோரியா அன்சால்டுவா. தெற்கு டெக்சஸில் 1942இல் பிறந்த அவர், 1987இல் வெளியிட்ட 'பார்டர்லேண்ட்ஸ் – லா ஃப்ரோந்தெரா' என்ற நூலில், பள்ளி இடைவேளையில் ஸ்பானியம் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறார்; தாம் பேசுபவை என எட்டு வகைப் பேச்சுகளைப் பட்டியலிடுகிறார். செம்மையான ஆங்கிலத்திலிருந்து தெருப்பையன்களின் ஸ்பானியம் வரை அப்பட்டியல் நீள்கிறது. உரைநடையும் கவிதையும், ஆங்கிலமும் ஸ்பானியமும் முன்னறிவிப்பின்றி மாறிமாறி வரும் அந்த நூலில் எல்லா இடத்திலும் அவர் மொழிபெயர்ப்புத் தரவில்லை. ஆங்கிலம் மட்டும் அறிந்த வாசகர் அங்கங்கே தடுக்கி நிற்கத்தான் வேண்டும்; எழுத்தாளரின் எண்ணமும் அதுவே.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நம்முடைய இருமொழித் தன்மை பாட அட்டவணையில் பிறந்தது. தமிழுக்கு ஒரு பாடவேளை, மற்றவற்றுக்கு ஆங்கிலம்; தாளும் தனி, ஆசிரியரும் தனி, மதிப்பெண்ணும் தனி. அதோடு, நான்கு அதிகாரத்துவ மொழிகளுக்கும் இங்கே தனித்தனி இருக்கை உண்டு. விருதுகளில் தமிழுக்குத் தனிப் பிரிவு, தமிழுக்குத் தனி நாளிதழ், ஏப்ரல் மாதத்தில் தனி மொழி விழா. சிறுபான்மை மொழி ஒன்றுக்கு இத்தனை பாதுகாப்புக் கிடைப்பது அரிது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இருக்கைகள் தனித்தனியாகப் போடப்பட்ட மண்டபத்தில், இரண்டு மொழியும் கலந்து பேசுபவர் எங்கே உட்காருவது என்று தயங்கி வாசலிலேயே நின்றுவிடுகிறார். டெக்சஸில் ஸ்பானியத்துக்கு இருக்கையே தரப்படவில்லை. அதனால் அவர்கள் தரையில் உட்கார்ந்து தங்கள் விருப்பப்படி எழுதினார்கள்.

இன்னொரு வேறுபாட்டையும் கவனியுங்கள். என் கணிப்பில் முக்கியமானது இதுதான். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசுவோர் 48.3 விழுக்காட்டினர், தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். இதன் பொருள் என்ன? இங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு அநேகமாக ஆங்கிலமும் தெரியும். ஆங்கிலம் படிப்பவருள் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே, இரண்டும் கலந்து நீங்கள் எழுதும் கதையை முழுமையாகப் படிக்கக்கூடியவர் தமிழ் வாசகர்தான். கலப்பு எழுத்தை ஆங்கிலத் தொகுப்புகளுக்கு அனுப்பி, அங்கே ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் விளக்கம் கேட்கப்பட்டு, கடைசியில் தமிழ் என்பது உணவுப் பெயரும் உறவுப் பெயருமாகச் சுருங்கிப்போகும் இளைய எழுத்தாளர்களைப் பார்க்கிறேன். அதே கதையைத் தமிழை அடித்தளமாக வைத்து எழுதித் தமிழ் வாசகரிடம் கொண்டுவந்தால், ஆங்கிலம் எந்த விளக்கமும் இல்லாமல் அதன் இடத்தில் நிற்கும்.

தமிழர் வீட்டிலேயே தமிழ் தேய்ந்துவரும் வேளையில், கலப்பு நடைக்கு இலக்கியப் பட்டம் சூட்டுவது எரியும் வீட்டில் எண்ணெய் வார்ப்பதாகாதா?
– ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர், தோ பாயோ

ஐயா, உங்கள் கவலையில் பாதி என் கவலையும்தான். ஆனால் கலப்புக்கு நம்மிடையே ஒரு நீண்ட முன்வரலாறு இருப்பதை நினைவூட்ட விரும்புகிறேன். பெரியவாச்சான் பிள்ளை முதலிய வைணவ உரையாசிரியர்கள் ஆழ்வார் பாசுரங்களுக்கு எழுதிய உரைகள் தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையில் அமைந்தவை. அவர்களுக்குத் தமிழ் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டிலும் ஆழ்ந்த புலமை உடையவர்கள், இரண்டிலும் புலமை உடையவர்களுக்காக எழுதினார்கள்.

அந்த நடைக்குப் பிறகு நேர்ந்தது என்ன என்பதும் நமக்குப் பாடம். இரு மொழியும் தெரிந்த வாசகர் குறையக் குறைய, அந்த உரைகள் அறிஞர் குழாத்துக்குள் ஒடுங்கின. 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வடமொழிக் கலப்பின் மீதான எதிர்ப்பும் வலுத்த பின்னர், பொது வாசகர் அந்த நடையிலிருந்து இன்னும் விலகினர். கலப்பு எழுத்தின் ஆயுள், இரு மொழி வாசகரின் ஆயுளே. இங்கே தமிழ் வாசிப்பு தேய்ந்தால் முதலில் வாசகரை இழப்பது கலப்பு எழுத்துத்தான். தூய தமிழ் நூலுக்காவது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வாசகர் இருப்பர். எனவே கலப்பு நடையில் எழுத விரும்புவோருக்கு மற்றவர்களைவிடவும் அதிகமாகத் தமிழ் செழிக்க வேண்டிய தேவை இருக்கிறது.

எந்தக் கலப்பை ஏற்பது, எதை மறுப்பது என்று கேட்டால், நான் வைத்துக்கொள்ளும் உரைகல் ஒன்றே. அந்த வாக்கியத்தை முழுக்கத் தமிழில் எழுத அந்த எழுத்தாளருக்குத் தெரியுமா? தெரிந்தும் ஆங்கிலத்தைத் தேர்ந்தார் என்றால் அது கலை சார்ந்த முடிவு. விவாதிக்கலாம், தடுக்க வேண்டியதில்லை. தமிழ் கைகொடுக்காததால் ஆங்கிலம் வந்து விழுந்தது என்றால், திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவேன்.

நான் மலேசியன், ஜோகூர் பாருவில் வீடு, துவாஸில் வேலை. தமிழ்ப்பள்ளியில் படித்தவன் என்பதால் என் கதைகளில் மலாய்ச் சொற்கள் இயல்பாக வருகின்றன. சிங்கப்பூர் நண்பர்கள் அவற்றுக்கு அடிக்குறிப்புப் போடச் சொல்கிறார்கள். போட வேண்டுமா?
– தொழில்நுட்பர், ஜோகூர் பாரு

உங்கள் கடிதத்தை இந்த மாதத்தின் சிறந்த கடிதமாகக் கருதுகிறேன். எல் பாசோவைத் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, எல்லை நம் வாசலிலேயே இருக்கிறது என்பதை அது உணர்த்திவிட்டது.

1924இல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். 1965இல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரியும்வரை இரு கரைத் தமிழரும் பெரும்பாலும் ஒரே வாசகக் கூட்டமாக இருந்தனர். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசும், கோலாலம்பூரிலிருந்து 1924 முதல் வெளிவந்து 2019இல் நின்றுபோன தமிழ் நேசனும் இரு பக்கத்து எழுத்தாளரையும் தாங்கின. அதன் பிறகு பள்ளிகளே எழுத்தாளர்களைப் பிரித்தன. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. அங்கே தொடக்கக் கல்வி தமிழில், மேற்கல்வி பெரும்பாலும் மலாயில். இங்கே கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி. விளைவு, ஒரே தமிழ், ஆனால் அதனோடு கலக்கும் இரண்டாம் மொழி கரைக்குக் கரை வேறு. அக்கரை எழுத்தாளரின் தமிழில் மலாய் ஊடுருவியிருக்கும். இக்கரை எழுத்தாளரின் தமிழில் ஆங்கிலம். நாள்தோறும் விடியுமுன் சோதனைச்சாவடியில் வரிசை பிடிக்கும் உங்களைப் போன்றவர்களிடம் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

அடிக்குறிப்புக்கு வருகிறேன். வேண்டாம் என்பதே என் பதில். அடிக்குறிப்பு வாசகரைக் கதையிலிருந்து வெளியே இழுத்துவிடும். அது போதாதென்று, 'இந்தச் சொல் உங்களுடையதன்று' என்றும் அவரிடம் சொல்லிவிடும். சொல்லின் பொருளை அந்தக் காட்சியே தர வேண்டும். ஒருவர் மலாயில் கேட்கிறார், மற்றவர் தமிழில் பதில் சொல்கிறார் என்றால், பதிலிலிருந்தே கேள்வி விளங்கிவிடும். இரு மொழிக் குடும்பங்களில் உரையாடல் உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறது. சில சொற்கள் விளங்காமலே போகலாம். போகட்டும். தமிழ்நாட்டு நாவல்களில் வரும் வட்டார வழக்கு முழுவதும் புரிந்தா இங்கே படித்து மகிழ்ந்தோம்?

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தமிழ்ச் சொல்லை எழுதி, உடனே அதே பொருளுடைய மலாய்ச் சொல்லையும் எழுதும் பழக்கம் கூடாது. அது வாசகரை அறிவிலி என்று நினைப்பதற்குச் சமம்.

உயர்நிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். கட்டுரையில் ஆங்கிலம் கலந்தால் மதிப்பெண் குறைக்கிறோம். அதே மாணவரிடம் 'இரு மொழியில் கதை எழுது' என்று எப்படிச் சொல்வது?
– ஆசிரியை, தெம்பனிஸ்

தேர்வுத் தாளைப் படிப்பவர் ஒருவர், கதையைப் படிப்பவர் மற்றொருவர் என்று மாணவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். பதின்ம வயதினர் நாள் முழுவதும் நண்பரிடம் ஒரு விதமாகவும் பாட்டியிடம் ஒரு விதமாகவும் பேசுபவர்கள். இந்த வேறுபாடு அவர்களுக்கு நம்மைவிட எளிதில் விளங்கும்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி சொல்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடொன்றில், மாலை நேரத்தில், பாட்டி, தாய், பதினாறு வயதுப் பேத்தி, பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி ஆகிய நால்வர். ஏதோ ஒரு கெட்ட செய்தி தொலைபேசியில் வருகிறது. யார் யாரிடம் எந்த மொழியில் பேசுவார்கள் என்று முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாட்டிக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத் தாயும் பேத்தியும் ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். பாட்டியும் பக்கத்து வீட்டுப் பெண்மணியும் மலாயில் பேசிக்கொள்வார்கள். சந்தை மலாய் பேசிப் பழகிய பாட்டிகளின் மலாய் பேத்தியின் மலாயைவிட நன்றாகவே இருக்கும். அழுகை வரும்போது பேத்தி எந்த மொழிக்குத் திரும்புவாள் என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். மொழி மாறும் ஒவ்வோர் இடத்திலும் யாரோ ஒருவர் உள்ளே சேர்க்கப்படுகிறார் அல்லது வெளியே நிறுத்தப்படுகிறார் என்பது இந்தப் பயிற்சியிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு, அதே காட்சியை முழுக்கத் தமிழில் ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். யாரிடம் எதை மறைத்தார்கள் என்பதை இப்போது மொழி மாற்றத்தால் காட்ட முடியாது. வேறு உத்தி தேட வேண்டும். தேடும்போது தமிழ் வளரும்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ்க் கதைக்குள் எந்த எழுத்தில் எழுதுவது? ஆங்கில எழுத்திலா, தமிழ் எழுத்திலா?
– பொறியாளர், செங்காங்

எல் பாசோ எழுத்தாளர்களுக்கு இல்லாத சிக்கல் இது. ஆங்கிலத்துக்கும் ஸ்பானியத்துக்கும் ஒரே நெடுங்கணக்கு என்பதால், ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டுவது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. வாசகர் சற்று ஓடிய பிறகே 'மொழி மாறிவிட்டதே' என்று உணர்வார். தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஆங்கில எழுத்து வந்தாலோ, படிப்பதற்கு முன்பே கண்ணை உறுத்தும்.

எழுத்து வேறு, மொழி வேறு என்பதற்குத் தமிழிலேயே நல்ல சான்றுகள் உண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் தமிழ் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்துகளில் எழுதினார்கள்; அரபுத்தமிழ் என்ற அம்மரபில் சமய நூல்கள் பலவும் உள்ளன. அண்மைக் காலத்துச் சான்று தோப்பில் முகமது மீரான். 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தின் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். வீட்டுமொழி தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். தம் தமிழ்க் கதைகளை அவர் மலையாள எழுத்தில் எழுதி, பின்னர் தமிழ் எழுத்துக்கு மாற்றச் செய்தார். அவருடைய 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அச்சில் அதைப் படித்தவர் எவருக்கும் அது வேறு எழுத்தில் பிறந்தது என்று தோன்றியிராது.

என் பரிந்துரை இது. மாந்தர் வாயால் பேசும் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் வரும்போதுதான் அந்த ஆங்கிலம் உங்கள் கதைமாந்தரின் நாக்கிலிருந்து வருவதாக ஒலிக்கும்; லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் உச்சரிப்பையும் சட்டக் கல்லூரி மாணவியின் உச்சரிப்பையும் இரண்டு விதமாக எழுதிக் காட்டலாம். ஆங்கில எழுத்தில் எழுதினால் இருவரும் ஒரே குரலில் பேசுவார்கள். கண்ணால் மட்டும் படிக்கப்படுபவற்றை, அதாவது பெயர்ப்பலகை, அலுவலகக் கடிதம், கைப்பேசிக் குறுஞ்செய்தி போன்றவற்றை, ஆங்கில எழுத்தில் விடலாம். சாய்வெழுத்து மட்டும் வேண்டாம். வேற்றாளைச் சுட்டிக்காட்டும் விரல் அது.

ஒரே கதையை ஆங்கிலத்திலும் தமிழிலும் நானே எழுதுகிறேன். இரண்டையும் ஒத்துப்பார்த்தால் வேறுவேறு கதைகளாக இருக்கின்றன. எதைத் திருத்துவது?
– இளம் எழுத்தாளர், பொங்கோல்

எதையும் திருத்த வேண்டாம்! ரோலாண்டோ ஹினோஹோசா என்ற டெக்சஸ் எழுத்தாளர் செய்ததும் இதுவே. 1929இல் பிறந்த அவருக்குத் தந்தை வழியில் ஸ்பானியமும் தாய் வழியில் ஆங்கிலமும் வாய்த்தன. ஸ்பானிய மொழியில் எழுதி, 1976இல் கியூபாவின் காசா தெ லாஸ் அமெரிக்காஸ் பரிசையும் பெற்றவர், பிறகு தம் நூல்களைத் தாமே ஆங்கிலத்தில் மறுபடியும் படைத்தார். மொழிபெயர்ப்பாளருக்கு இல்லாத உரிமை மூல ஆசிரியருக்கு உண்டு. ஆங்கில வாசகருக்குத் தேவையற்றதை விட்டார், தேவையானதைச் சேர்த்தார், வரிசையையும் மாற்றினார். இடம்பெயர்ந்து திரியும் பண்ணைத் தொழிலாளரைப் பற்றித் தோமாஸ் ரிவேரா 1971இல் வெளியிட்ட ஸ்பானிய நூல், ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்ந்தே அச்சானது. அதே நூலை, ரிவேரா மறைந்த பின்னர், 1987இல் ஹினோஹோசா தம் போக்கில் ஆங்கிலமாக்கினார். ஒரு மூலத்துக்கு இரண்டு ஆங்கில வடிவங்கள், இரண்டும் நிலைத்திருக்கின்றன.

நம் பக்கத்தில், திருவனந்தபுரத்தில் வாழ்ந்துகொண்டு தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய நீல பத்மநாபனை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மொழியில் எழுதும்போது மற்ற மொழி காதருகே இருந்துகொண்டே இருக்கும் என்பதை எல்லைப்புற எழுத்தாளர் எல்லாருமே அறிவர்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டு வடிவங்களும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று நிதானமாகக் குறித்துப் பாருங்கள். தமிழில் தாயின் கோபத்தை ஒரு பக்கம் எழுதிவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு வரியில் முடித்திருந்தீர்களானால், ஆங்கிலத்தில் எழுதும்போது யாருக்கோ அஞ்சியிருக்கிறீர்கள். எதிர்ப்புறமாகவும் நடக்கும்: காதல், உடல், மதம் பற்றியெல்லாம் ஆங்கிலத்தில் துணிந்து எழுதும் பலர், தமிழில் எழுத உட்காரும்போது அத்தையும் மாமாவும் படிப்பார்களே என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். தமிழ் வடிவத்தில் நீங்கள் ஒதுங்கிய இடம் எதுவோ, அங்கேதான் உங்கள் கதை இருக்கிறது என்பது என் ஊகம்.

நான் கட்டுமானத் தொழிலாளி. ஊர் புதுக்கோட்டை. கவிதை எழுதுவேன். ஆங்கிலம் அதிகம் தெரியாது. இந்த இரு மொழி எழுத்தெல்லாம் எனக்குப் பொருந்துமா?
– தொழிலாளர், தங்கும் விடுதி, கிராஞ்சி

உங்களுக்குத் தெரிந்த இரண்டாம் மொழி எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்படாதது. மேற்பார்வையாளரின் சீன உச்சரிப்பு ஆங்கிலம், வங்காளத் தோழரின் இந்தி, மலாய்ச் சொற்கள், அவற்றோடு உங்கள் தமிழ் எல்லாம் சேர்ந்து வேலையிடத்தில் ஒரு பேச்சு புழங்குகிறது. அந்தப் பேச்சை எழுதக்கூடியவர் நீங்களும் உங்கள் நண்பர்களும் மட்டுமே. அடுக்குமாடி வீட்டிலிருந்து எழுதும் எங்களுக்கு அது வாய்க்காது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக இங்கே 2014இல் ஒரு கவிதைப் போட்டி தொடங்கப்பட்டது. அதில் அவரவர் தாய்மொழியில் எழுதிய கவிதைகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு பொதுமக்கள் முன் படிக்கப்பட்டன. எனவே ஆங்கிலம் தெரியாதது தடையன்று. தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். தளத்தில் கேட்கும் பேச்சைக் கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், இலக்கணம் பார்க்க வேண்டாம். உங்கள் கவிதைகள் இரண்டையும் கடிதத்தோடு வைத்திருந்தீர்கள். முதலாவது அடுத்த இதழில் வெளியாகும்.

இரு மொழியில் எழுதியதை எங்கே அனுப்புவது? போட்டிகளில் எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள்? படிக்க நூல்கள் எங்கே கிடைக்கும்?
– வாசகர் பலர்

தேசிய கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருது 1993இல் தொடங்கியது. சிங்கப்பூர் இலக்கியப் பரிசைப் போலவே அதுவும் நான்கு மொழிகளுக்கும் தனித்தனிப் பிரிவு உடையது. எனவே உங்கள் படைப்புக்கு அடித்தளமாக உள்ள மொழி எதுவோ, அந்தப் பிரிவின் விதிமுறைகளை அந்த ஆண்டில் வெளியாகும் அறிவிப்பில் ஒருமுறை வாசித்துவிட்டு அனுப்புங்கள். பாதிக்குப் பாதி கலந்து எழுதியிருந்தால் போட்டியைவிட இதழே பொருத்தம்.

நூல்களைப் பொறுத்தவரை, சிங்கப்பூர் பொன்விழா ஆண்டான 2015இல், அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளில் இங்கே வெளிவந்த தமிழ்ப் படைப்பிலக்கிய நூல்கள் மின்வடிவாக்கப்பட்டுத் தேசிய நூலக வாரியத்தின் வழியாகப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டன. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த சிறுகதைத் தொகுப்புகளை முதலில் எடுங்கள். உரையாடல்களில் மலாய் எவ்வளவு தாராளமாக வருகிறது என்று பாருங்கள். பின்னர் எண்பதுகளுக்கு வாருங்கள், மலாய் மெல்ல விலகி ஆங்கிலம் அதன் இடத்தில் வந்து உட்காருவது தெரியும். அன்சால்டுவா, ரிவேரா நூல்களை விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

இந்த இதழிலிருந்து, இரு மொழிப் படைப்புகளுக்கென்று நான்கு பக்கங்களை ஒதுக்குகிறோம். தமிழ் அடித்தளமாக இருக்க வேண்டும். அடிக்குறிப்பும் சொற்பொருள் பட்டியலும் ஏற்கப்பட மாட்டா. ஆயிரத்து ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல் இருந்தால் நல்லது. ஜோகூர் வாசகர்களும் அனுப்பலாம்.